பெட்டிக்கு வைத்த பொட்டு

அம்பத்தூர் தொழிற்பேட்டை
18.8.2025

வேம்புலியம்மாளுக்கு தேவராஜ் எழுதுவது.

பழைய கம்ப்யூட்டர் ஒன்று ஓடாமல் நின்றுவிட்டது. திறந்து பார்த்தேன். உள்ளே போர்டு அரித்துப் போய்ப் பச்சை பூத்துக் கிடக்கிறது. போர்டை மட்டும் கழற்றி இந்த டப்பாவில் வைத்து, லோடு ஆட்டோ கோபியிடம் கொடுத்து அனுப்பியிருக்கிறேன்.

போனில் சொல்லியிருக்கலாம். என் நம்பரை நீ பிளாக் செய்து நாலு வருடம் ஆகிறது. வேறு நம்பரில் கூப்பிட்டால் என் குரலைக் கேட்டதும் வைத்துவிடுகிறாய். உன் அண்ணி அங்கம்மா கூப்பிட்டால் அவளிடம் மட்டும் பேசுகிறாய். பழுது பார்க்க போர்டு அனுப்பும்போது என்ன கோளாறு என்று உள்ளே சீட்டு எழுதி வைப்பது நம் தொழில் வழக்கம். சீட்டைப் படிக்காமல் நீ எந்தப் போர்டையும் தொட மாட்டாய். இதையும் அப்படி ஒரு சீட்டு என்று வைத்துக்கொள். அண்ணன் எழுதியதாக வைத்துக்கொள்ள வேண்டாம்.

முப்பது வருடத்துக்கு முந்தைய மெஷின். திரையும் கம்ப்யூட்டரும் ஒரே பெட்டியில் இருக்குமே, அந்த ரகம். கொரட்டூரில் ஒரு ஆடிட்டர் ஆபீசைக் காலி செய்தபோது மொத்தமாக எடுத்ததில் வந்தது. சினிமாவுக்கு செட் போடும் ஸ்ரீகாந்த் என்பவர் கடைக்கு வந்து அதைப் பார்த்துவிட்டார். தொண்ணூறுகளில் நடக்கிற கதையாம், அதில் ஒரு அச்சாபீஸ் காட்சியாம். திரையில் தமிழ் எழுத்து ஓட வேண்டும், வெற்று டப்பா வேண்டாம் என்கிறார். ஷூட்டிங் பூந்தமல்லியில், செப்டம்பர் 24. "இது மட்டும் ஓடட்டும் சார், உங்க கடையில இருக்கிற பழைய சாமான் மொத்தத்தையும் வருஷ வாடகைக்கு நான் எடுத்துக்கறேன்" என்று வாயால் சொல்லியிருக்கிறார்.

உனக்கு மறைப்பானேன். இப்போது ஆபீஸ் காலி செய்கிறவர்கள் மின்கழிவு எடுக்க லைசென்ஸ் வைத்திருக்கும் பெரிய ஆட்களுக்கே கொடுத்துவிடுகிறார்கள். நமக்கு வருவது தேய்ந்த கீபோர்டும் கால் உடைந்த நாற்காலியும்தான். ஸ்ரீகாந்த் ஒப்பந்தம் அமைந்தால் கடை நிற்கும். இல்லாவிட்டால் தீபாவளிக்குள் சாவியைக் கட்டட உரிமையாளர் கையில் கொடுத்துவிட்டு வீட்டில் உட்கார வேண்டியதுதான்.

ரிச்சி தெரு ரிப்பேர் கடைகளில் காட்டினேன். ஒருவன், "இன்னா மாமே, கெணத்துல கெடந்தத எடுத்துகினு வந்தியா?" என்றான். இன்னொருவன் தொடவே இல்லை. மூன்றாமவன் நல்ல பையன். "கோவில்பதாகையில ஒரு அக்கா கீறாங்க, போர்டுல அவங்கதான் கில்லாடி. விசாரிச்சுகினு போ" என்று உன் வீட்டுக்கே எனக்கு வழி சொன்னான். தலையாட்டிவிட்டு வந்தேன்.

உன் ரேட்டைச் சொல். பழைய பேச்சை இதில் இழுக்கவில்லை. வேலை, கூலி, அவ்வளவுதான்.

தேவராஜ்

டப்பா நல்ல டப்பா. திருப்பி அனுப்பிவிடு.


கோவில்பதாகை, ஆவடி
21.8.2025

தேவராஜ் டிரேடர்ஸ் உரிமையாளர் அவர்களுக்கு,

போர்டு வந்து சேர்ந்தது. டப்பாவைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

கண்ணால் பார்த்த வரை நிலைமை இது. கடிகாரத்துக்கு இருக்கும் சின்ன பேட்டரி வெடித்து, உள்ளே இருந்ததைக் கக்கியிருக்கிறது. அதைச் சுற்றி ஐசி கால்கள் பச்சையாகிவிட்டன. இரண்டு கால்களைக் குச்சியால் தொட்டேன், உதிர்ந்துவிட்டன. கெப்பாசிட்டர்கள் எல்லாமே ஒழுகியிருக்கின்றன. இந்த வயது போர்டில் இவை எல்லாம் எதிர்பார்த்ததுதான்.

எதிர்பார்க்காத ஒன்றும் இருக்கிறது. போர்டின் ஒரு ஓரத்தில் வேறு மாதிரி அழுக்கு படிந்திருக்கிறது. மஞ்சளும் சிவப்புமாக, பிசினைப் போலக் கெட்டியாக. பேட்டரி இந்த நிறத்தில் கக்காது. ஆடிட்டர் ஆபீசில் கம்ப்யூட்டர் மேல் வைத்துச் சாம்பார் சாதம் சாப்பிட்டார்களா? மேலே என்ன கொட்டியது என்று தெரிந்தால்தான் எதை வைத்துக் கழுவுவது என்று முடிவு செய்ய முடியும். விசாரித்து எழுதவும்.

என் மேஜையில் வாஷிங் மெஷின் போர்டுகளும் இன்வெர்ட்டர் போர்டுகளும் வரிசையில் இருக்கின்றன. அவை வீடுகளில் துணி துவைக்கவும் ஃபேன் சுற்றவும் வேண்டிய சாமான்கள், சினிமாவுக்காக அவற்றைத் தள்ளி வைக்க முடியாது. இடையில் கிடைக்கும் நேரத்தில்தான் பார்ப்பேன். ஓடும் என்று வாக்குக் கொடுக்க மாட்டேன். ஓடினால் கூலி நாலாயிரம், ஓடாவிட்டால் ஒன்றும் வேண்டாம். பேரம் கிடையாது.

இப்படிக்கு
வே., சர்வீஸ்


அம்பத்தூர்
25.8.2025

வேம்பு,

"உரிமையாளர் அவர்களுக்கு" என்று நீ எழுதியதை உன் அண்ணியிடம் படித்துக் காட்டினேன். "ஊருலயே உங்களுக்கு மரியாதை குடுக்கிற ஒரே ஆளு அவதான்" என்றாள். சிரித்துவிட்டு அடுப்படிக்குப் போனவள் ரொம்ப நேரம் வெளியே வரவில்லை.

டப்பாவை எடுக்க வந்த கோபி உன் வீட்டுச் செய்தியை ஒரு வரி விடாமல் ஒப்பித்தான். "அக்கா சால்டர் வெச்சுகினே இருந்தாங்கண்ணே, தலையத் தூக்கல. அண்ணனாண்ட இன்னாக்கா சொல்றதுன்னு கேட்டேன். 'டப்பாக்குள்ள எழுதிக் கீது, படிச்சுக்கச் சொல்லு'ன்னாங்க. தண்ணி கேக்கலாம்னு பாத்தேன். மூஞ்சியப் பாத்துட்டு வேணாம்னு வந்துட்டேன்." அடுத்த முறை அவனுக்குத் தண்ணீராவது கொடு. அவனோடு உனக்கு ஒரு சண்டையும் இல்லை.

ஆடிட்டர் என்ன தின்றார் என்று எனக்கு எப்படித் தெரியும்? ஆபீஸ் காலி செய்கிற இடத்தில் போய், நீங்கள் சாப்பிட்டது சாம்பாரா ரசமா என்று கேட்டால் மொத்தச் சரக்கையும் அடுத்தவனுக்குக் கொடுத்துவிடுவார்கள். ஏதோ அழுக்கு. கழுவு.

நாலாயிரம் ஜாஸ்தி. இரண்டாயிரத்து ஐந்நூறு தருகிறேன். பேரம் கிடையாது என்று எழுதினால் நான் பேசாமல் இருந்துவிடுவேனா? பேரம் பேசாமல் ஒரு பொருளை வாங்கினால் எனக்கு அன்றைக்குத் தூக்கம் வராது, உனக்கே தெரியும்.

சீக்கிரம் பார். இப்போதெல்லாம் ஷட்டரைத் தூக்கவே கோபி வர வேண்டியிருக்கிறது. தோள்பட்டை போய்விட்டது. திறந்து உட்கார்ந்தால் மதியம் வரை ஈ கூட வருவதில்லை. வருகிற ஒருவனும் செல்போன் சார்ஜர் இருக்கிறதா என்று கேட்டுவிட்டுப் போகிறான். ஸ்ரீகாந்த் மட்டும் இரண்டு நாளைக்கு ஒரு தரம் போன் செய்து, ஓடுகிறதா சார், ஓடுகிறதா சார் என்று நச்சரிக்கிறார். ஓடும் என்று சொல்லி வைத்திருக்கிறேன். உன்னை நம்பித்தான் சொன்னேன்.

தேவராஜ்


கோவில்பதாகை
4.9.2025

அண்ணா,

ஆப்ப சோடாவைக் கரைத்து, பிரஷ் போட்டு போர்டைக் கழுவினேன். நுரைத்துக்கொண்டு வந்தது. நுரை அடங்கிய பிறகு இன்வெர்ட்டருக்கு ஊற்றுகிற டிஸ்டில்டு வாட்டரில் அலசி, டேபிள் ஃபேனுக்கு முன்னால் காய வைத்துத் திருப்பிப் பார்த்தேன்.

பின்பக்கம் ஒரு வெள்ளை ஒயர் ஓடுகிறது. அது அசையாமல் இருக்க மூன்று இடத்தில் ரோஸ் கலர் நெயில் பாலிஷ் சொட்டு வைத்து ஒட்டியிருக்கிறது. கொரட்டூர் ஆடிட்டர் நெயில் பாலிஷ் போடுவாரா?

அது என் நெயில் பாலிஷ். பூந்தமல்லியில் நாம் டைப்செட்டிங் கடை வைத்து இரண்டாவது வருடம், ஆனி மாத முகூர்த்தத்துக்குக் கல்யாணப் பத்திரிகை வேலை குவிந்து கிடந்தபோது இந்தப் பெட்டி நின்றுபோனது. பார்க்க ஆளில்லை. புத்தகத்தை வைத்துக்கொண்டு நான் முதன்முதலாகப் போட்ட ஒயர் அது. நீ பக்கத்தில் டார்ச் அடித்துக்கொண்டு நின்றாய். "பாத்துடி, பாத்துடி" என்று சொல்லிக்கொண்டே இருந்தாய். அந்த ஒயரைத்தான் நான் யாரோ ஒருத்தி போல உனக்குப் பார்த்துத் தர வேண்டும் என்று டப்பாவில் போட்டு அனுப்பினாய், இல்லையா?

சாம்பாரும் இல்லை. அது குங்குமம், சந்தனம், மஞ்சள் தண்ணீர். முகர்ந்து பார்த்தால் எலுமிச்சை வாசனை இன்னும் இருக்கிறது. நான் கடையில் இருந்த வரை ஆயுத பூஜைக்கு அந்தப் பெட்டிக்கு நான்தான் பொட்டு வைப்பேன். தலையில் காற்றுத் துளை இருக்கிறது என்று பிளாஸ்டிக் உறையை மாட்டி, உறை மேல்தான் வைப்பேன். என் கையால் வைத்த பொட்டு ஒன்றுகூட உள்ளே இறங்கியிருக்காது. இந்த அழுக்கு அடுக்கடுக்காக இருக்கிறது. அடியில் கறுத்துவிட்டது, மேலே இருப்பது இன்னும் சிவப்பு. எல்லாம் நான் போன பிறகு படிந்தது.

நான் போன அன்றைக்கு நடந்ததை நீ மறந்திருந்தால் நான் சொல்கிறேன். சரக்கெடுக்க வந்த பெங்களூர்க்காரர் என்னைக் காட்டி இவங்க யாரு என்று கேட்டார். "நம்ம கடையில வேலை செய்யற பொண்ணு" என்றாய். எனக்கு அப்போது நாற்பத்தாறு வயது. கையில் சால்டரிங் அயர்னோடு உட்கார்ந்திருந்தேன். சாயந்திரம் உன்னிடம் கேட்டபோது, அது வியாபாரத்துக்குச் சொன்னது என்றாய். அப்படியானால் அந்தப் பழைய பெட்டியையாவது கொடு, நான் போகிறேன் என்றேன். "அத அப்பவே இரும்புல போட்டாச்சு" என்றாய். முதல் வார்த்தையைக்கூடத் தாங்கியிருப்பேன். இரண்டாவதைக் கேட்டுத்தான் உன் நம்பரை பிளாக் செய்தேன்.

பெட்டி நம் கடைப் பரணிலேயேதான் இருந்திருக்கிறது. வருடா வருடம் இறக்கிப் பூஜை வேறு போட்டிருக்கிறாய்.

போர்டைத் திருப்பித் தர மாட்டேன். சரி செய்யவும் மாட்டேன். சினிமாக்காரருக்கு வேறு டப்பா பார்.

வேம்பு


அம்பத்தூர்
7.9.2025

வேம்பு,

பிடித்துவிட்டாய். கொரட்டூரும் கிடையாது, ஆடிட்டரும் கிடையாது. நம் பெட்டி என்று எழுதியிருந்தால் டப்பாவைத் திறக்காமலே திருப்பி அனுப்பியிருப்பாய். அதனால் ஒரு ஆடிட்டரைச் செய்தேன்.

பெங்களூர்க்காரர் விஷயத்துக்கு அன்றைக்கு என்ன காரணம் சொன்னேனோ இன்றைக்கும் அதேதான். எடுத்த சரக்குக்கெல்லாம் வாரண்டி கேட்ட ஆள் அவர். பழுது பார்த்தது என் தங்கை என்று சொன்னால், குடும்பத்துக்குள்ளேயே ஒப்பேற்றிவிட்டார்கள் என்று விலையைப் பாதியாக்குவார். சம்பளத்துக்கு வைத்த ஆள் என்றால் பேச்சு இல்லை. அந்த வார்த்தைக்குச் சந்தையில் அன்று ஒரு விலை இருந்தது, வாங்கினேன். வீட்டில் அதற்கு என்ன விலை என்று நான் விசாரிக்கவில்லை. விலை விசாரிக்காமல் நான் செய்த வியாபாரம் அது ஒன்றுதான்.

பெட்டியை இரும்பில் போட்டதாக ஏன் சொன்னேன் என்று கேட்பாய். கொடுத்தால் நீ எடுத்துக்கொண்டு போயே போய்விடுவாய். ஒருத்தருடைய சாமான் நம்மிடம் இருக்கிற வரைக்கும் அவர் திரும்பி வருவார் என்பதுதான் நான் கற்ற தொழில். அதனால் பிடித்து வைத்தேன். ஆனால் சாமானே இல்லை என்று என் வாயாலேயே சொல்லிவிட்டேனே, பிறகு நீ எதைத் தேடி வருவாய்? காயலான்கடைக்காரன்கூட இப்படி ஒரு வேலை செய்ய மாட்டான். உள்ளதைச் சொன்னால், மறுநாளே தெரிந்துவிட்டது. நாலு வருடமாகத் தெரியும்.

பூஜை போட்டது நான்தான். தராசு, ஸ்குரூடிரைவர், கோபியின் ஆட்டோ எல்லாவற்றுக்கும் போடுகிறபோது அதை மட்டும் எப்படிப் பரணில் விடுவது? கீழே இறக்கி நடுவில் வைப்பேன். சந்தனம் குங்குமம் வைத்து, எலுமிச்சம்பழம் பிழிந்த மஞ்சள் தண்ணீரைத் தாராளமாகத் தெளிப்பேன். கஞ்சத்தனம் செய்யக் கூடாது என்று இன்னும் கொஞ்சம் ஊற்றுவேன். உறை போட வேண்டும் என்பது எனக்குத் தெரியாது. அந்த வேலை உன்னுடையது, நான் வெளியே திருஷ்டிப் பூசணிக்காய் உடைத்துக்கொண்டிருப்பேன். உன் அண்ணி இப்போது சொல்கிறாள், "அவ உறை போட்டுத்தான் வெப்பா, உங்களுக்குத் தெரியாதா?" என்று. இதை நாலு வருடத்துக்கு முன்னால் சொல்லியிருக்கலாம்.

வெறும் போர்டை வைத்துக்கொண்டு என்ன செய்வாய்? பெட்டி, கீபோர்டு, மவுஸ், பிளாப்பி இருக்கும் பிஸ்கட் டின் எல்லாவற்றையும் கோபி கொண்டு வருகிறான். வைத்துக்கொள். ஓட வை, ஓட வைக்காதே, அலமாரியில் வைத்து அழகு பார், உன் இஷ்டம். ஸ்ரீகாந்திடம் முடியாது என்று சொல்லிவிட்டேன். அவர், "வேற எங்கயும் கிடைக்கல சார், இருபத்து நாலு காலைல வரைக்கும் காத்திருக்கேன்" என்கிறார். காத்திருப்பது அவர் பாடு.

கட்டட உரிமையாளரிடமும் பேச்சுக் கொடுத்து வைத்திருக்கிறேன். அம்பத்தூரில் இடத்துக்குக் கிராக்கி. நான் சொல்லி முடிப்பதற்குள் வாடகைக்கு வேறு ஆள் கூட்டி வந்துவிடுவார் போலிருக்கிறது.

இனி டப்பாவைத் திருப்பி அனுப்ப வேண்டாம்.

தேவராஜ்


கோவில்பதாகை
20.9.2025

அண்ணா,

டப்பாவை அனுப்பியிருக்கிறேன். உன் டப்பா எனக்கு எதற்கு?

பெட்டி வந்து இரண்டு நாள் மூலையில் கிடந்தது. மேலே துணியைப் போட்டு மூடிவிட்டு இன்வெர்ட்டர் போர்டு பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டு யுவராணி வந்து, "இன்னாக்கா, மிக்ஸிக்கு முக்காடு போட்டு வெச்சிருக்க?" என்று துணியைத் தூக்கிவிட்டாள். அதற்குப் பிறகு மூட மனம் வரவில்லை. போர்டை எடுத்து மேஜையில் வைத்தேன்.

ஒழுகின கெப்பாசிட்டர்களை எல்லாம் எடுத்துப் புதிது போட்டேன். அரித்துப் போன இடத்தில் பச்சை மேல்பூச்சைச் சுரண்டி, செம்புக் கோடு எங்கே அறுந்திருக்கிறது என்று மீட்டர் வைத்துத் தேடினேன். மீட்டர் கத்தினால் கோடு உயிரோடு இருக்கிறது, கத்தாவிட்டால் போய்விட்டது. கத்தாத இடத்திலெல்லாம் புது ஒயர் ஓட்டினேன். கண்ணாடி போட்டும் தெரியவில்லை. கண்ணாடிக்கு மேல் லென்ஸ் வைத்துக்கொண்டு செய்தேன். கழுத்து பிடித்துவிட்டது. பூந்தமல்லியில் ஒரே இரவில் செய்த வேலை, இப்போது ஒரு ஒயருக்கு ஒரு மத்தியானம் ஆகிறது.

மின்சாரம் கொடுத்தால் திரையில் பாய் பின்னிய மாதிரி கோடு. அணைத்தேன். மறுபடி தேடினேன். மறுபடி பாய். இரண்டு நாள் அதைப் பார்க்கவே பிடிக்கவில்லை. வியாழக்கிழமை மாமியாருக்கு மாத்திரை கொடுத்துவிட்டு வந்து கடைசியாக ஒரு இடம் பார்த்தேன். கோடு அங்கே பார்வைக்கு நன்றாகத்தான் இருந்தது, ஆனால் மீட்டர் கத்தவில்லை. என் பழைய வெள்ளை ஒயருக்குப் பக்கத்துக் கோடு. ஒயர் போட்டேன். மின்சாரம் கொடுத்ததும் பெட்டி டிங் என்று மணியடித்து ஓட ஆரம்பித்தது.

நான் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். பிஸ்கட் டின்னில் இருந்த பிளாப்பிகளில் பாதி படிக்கவில்லை. தமிழ் எழுத்து இருந்த பிளாப்பி படித்தது. நம் பழைய பத்திரிகை மாதிரி ஒன்றைத் திறந்தேன். அழைப்பவர் பெயர் போட வேண்டிய இடத்தில் எல்லாம் இன்னும் உன் பெயரும் என் பெயரும்தான் இருக்கின்றன. மாதிரிக்கு எப்போதும் அதைத்தானே போடுவோம். திரையில் இடது ஓரம் ஒரு கோடு நிற்கிறது. அது போகாது. வலது பக்கத்திலிருந்து படம் எடுக்கச் சொல்.

இனி ஒரு விஷயம். இதை எழுதாமல் விட்டால் உன் மஞ்சள் தண்ணீர்தான் போர்டைத் தின்றது என்று நீ காலமெல்லாம் நினைத்துக்கொண்டிருப்பாய். வெறும் தண்ணீர் என்றால் காய்ந்து கறையாகியிருக்கும், அவ்வளவுதான். பேட்டரியிலிருந்து மின்சாரம் ஓடிக்கொண்டே இருக்கிற போர்டில் தண்ணீர் பட்டால்தான் அந்த இடத்தை அரித்துத் தின்னும். கடைசியில் வெடித்துக் கக்கிய அந்த பேட்டரியும் நான் மாட்டியது. பழைய மெஷின் எதையும் பேட்டரி கழற்றாமல் நான் பரணில் ஏற்றியதில்லை, உனக்கே தெரியும். இதில் மட்டும் கழற்றவில்லை. கழற்றினால் உள்ளே ஓடுகிற கடிகாரம் நின்று தேதி அழிந்துவிடும். பூந்தமல்லியிலிருந்து ஓடுகிற கடிகாரம், ஓடட்டும் என்று பேட்டரி மாற்றி மாற்றி விட்டு வைத்தேன். நீ பொட்டு வைத்தாய், நான் பேட்டரி வைத்தேன். ஒன்று இல்லாமல் மற்றது இவ்வளவு செய்திருக்காது.

பேட்டரியைக் கழற்றிவிட்டேன். இனி அது தேதி காட்டாது.

ஸ்ரீகாந்திடம் வருகிறோம் என்று சொல். பெட்டியைத் தனியாக அனுப்ப மாட்டேன், 24-ஆம் தேதி நானே கூட வருவேன். என் கூலி பணம் இல்லை. அங்கே யாராவது என்னைக் காட்டி யார் என்று கேட்டால் நீ என்ன சொல்கிறாயோ, அதுதான் கூலி. சரியாகச் சொன்னால் பெட்டியை ஓட வைப்பேன். இல்லையென்றால் அதே ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்துவிடுவேன். அப்போது உன் கடை போனாலும் போகட்டும்.

கோபிக்கு டீ கொடுத்தேன். இரண்டு டம்ளர் குடித்தான்.

வேம்பு


அம்பத்தூர்
26.9.2025

வேம்பு,

பெட்டி ஓடியது. ஸ்ரீகாந்த் வருட ஒப்பந்தத்தில் நேற்றுக் கையெழுத்துப் போட்டுவிட்டார். கட்டட உரிமையாளரிடம், வேறு ஆளைக் கூட்டி வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். முகம் சுருங்கிப் போனார்.

பூந்தமல்லியில் அன்று ஷூட்டிங் முடிகிற வரை நாம் இரண்டு பேரும் பேசிக்கொள்ளவே முடியவில்லை. நான் வாயைத் திறக்கிறபோதெல்லாம் யாராவது "சைலன்ஸ்" என்று கத்தினார்கள். அதுவும் நல்லதற்குத்தான். திறந்திருந்தால் என்ன சொல்லியிருப்பேனோ. அதனால் ஸ்ரீகாந்திடம் நான் சொன்னதை எழுத்தில் வைக்கிறேன். காலையில் நீ பெட்டிக்குப் பின்னால் குனிந்து பிளக் மாட்டிக்கொண்டிருந்தாய். காதில் விழுந்ததோ என்னவோ.

ஸ்ரீகாந்த், "இந்த அக்கா யாரு சார், உங்க ஸ்டாஃபா?" என்று கேட்டார்.

"ஸ்டாஃப் இல்லப்பா. என் தங்கச்சி, வேம்புலியம்மா. இந்தப் பொட்டியில பாதி அவளுது, கடையில பாதி அவளுது. இத ஓட வெச்சதும் அவதான். எனக்கு டார்ச் அடிக்கத்தான் தெரியும்" என்றேன்.

அந்த ஆள் உடனே என்ன சொன்னார் தெரியுமா? "ஓ, ஃபேமிலியா! அப்ப வெளி ஆளுக்குச் சம்பளம் குடுக்கற செலவெல்லாம் உங்களுக்குக் கிடையாதே சார். கொஞ்சம் பாத்துப் போடுங்க." ஷூட்டிங் நடக்கும் நாள் ஒன்றுக்கு ஏழாயிரம் என்று பேசி வைத்திருந்த வாடகை அந்த இடத்திலேயே ஆறாயிரம் ஆனது. நாலு வருடத்துக்கு முன்னால் நான் சொன்ன காரணம் பொய் இல்லை என்று இப்போதாவது தெரிகிறதா? தங்கச்சி என்று ஒரு வார்த்தை சொன்னதில் நாள் ஒன்றுக்கு ஆயிரம் ரூபாய் போகிறது. போகட்டும். நான் திருப்பிப் பேரம் பேசவில்லை. அன்றைக்கு ராத்திரி தூக்கமும் வந்தது.

பிளக் எப்போதோ மாட்டியாகிவிட்டது. நீ மட்டும் ரொம்ப நேரம் குனிந்தே இருந்தாய். கோபி, "அக்கா, எதுனா வுழுந்துச்சா, தேடட்டுமா?" என்று வந்தான். நான்தான் அவனை டீ வாங்க அனுப்பினேன்.

சாயந்திரம் ஆட்டோவில் பெட்டியை ஏற்றும்போது, வருகிற புதன்கிழமை ஆயுத பூஜை, வருவாயா என்று கேட்டேன். "பெட்டி வந்தா நானும் வருவேன்" என்றாய். அதை நான் ஒப்புதலாக எடுத்துக்கொண்டேன். மற்ற விஷயங்களில் உன் வாயால் வந்ததும் என் வாயால் வந்ததும் கீழே இருக்கிறது. மாற்றம் இருந்தால் இந்தச் சீட்டிலேயே எழுதித் திருப்பி அனுப்பு. அனுப்பாவிட்டால் இதுதான் முடிவு.

பெட்டி கோவில்பதாகையில் உன் வீட்டில் இருக்கும். ஷூட்டிங் என்றால் கோபி வந்து உன்னையும் அதையும் சேர்த்து ஏற்றிக்கொள்வான்.

ஆயுத பூஜைக்குக் கடைக்கு வரும். உறை போட்டு, உறை மேல் நீதான் பொட்டு வைக்க வேண்டும். மஞ்சள் தண்ணீர்ச் செம்பை என் கையில் யாரும் கொடுக்கக் கூடாது. இது உன் அண்ணி சேர்க்கச் சொன்ன ஷரத்து.

என் நம்பரை நீ பிளாக்கிலிருந்து எடுக்க வேண்டும். கூப்பிட்டால் எடுத்துப் பேச வேண்டும் என்று இல்லை. மணி அடித்தால் போதும்.

வாடகை நாள் ஒன்றுக்கு ஆறாயிரம், ஆளுக்குப் பாதி. சர்வீஸ் சார்ஜ் நாலாயிரம் கிடையாது, இரண்டாயிரத்து ஐந்நூறும் கிடையாது. கூட்டாளிக்கு யாரும் கூலி கொடுப்பதில்லை.

தேவராஜ்